குத்தாமல் குத்திய காது

காது ஒன்று இருபத்திரண்டாயிரம் ரூபாய். ஒட்டுகிற பசை தனி.

விலையைச் சொல்லிவிட்டு அருணாதேவி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எதிர் நாற்காலியில் இருந்த ஆதிமூலத்தின் முகத்தில் ஒரு சுருக்கம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. திருவண்ணாமலை தேரடித் தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் அவர். விலையைக் கேட்டதும் முகம் மாறுகிறவன் பாதிப் பணத்தை அங்கேயே கொடுத்துவிட்டான் என்பது அவருடைய கட்சி. குடத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல மேசையை விரலால் தட்டினார்.

"ரெண்டா எடுத்தா?"

"இன்னா சார், ரெண்டா?"

"ரெண்டு காதா எடுத்தா எவ்ளோ கம்மி பண்ணுவீங்க?"

"பாப்பாவுக்கு வேண்டியது ஒரு காதுதானே?"

"ஒரு பேச்சுக்குக் கேட்டேன்."

"பேச்சுக்குன்னா பதினெட்டு. நெசத்துக்கு இருபத்திரெண்டு."

ஆதிமூலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலூர்ப் பக்கத்துப் பெண், செயற்கை உறுப்பு செய்கிற படிப்புப் படித்துவிட்டுச் செங்கம் ரோட்டில் மாடியறை பிடித்திருக்கிறாள் என்ற வரைக்கும் விசாரித்து வைத்திருந்தார். நாக்கும் படித்த நாக்கு என்பதை யாரும் சொல்லவில்லை.

"சரி, அது கேக்குமா?"

"எது சார்?"

"நீங்க செஞ்சு குடுக்கற காது."

"கேக்காது. பாப்பாவுக்கு எடது காது நல்லாவே கேக்குதுன்னு சொன்னீங்களே. இது உருவத்துக்கு. கண்ணாடி மாட்டிக்கலாம், மாஸ்க் மாட்டிக்கலாம், கம்மல் போட்டுக்கலாம்."

"கேக்காத காதுக்கு இந்த வெலையா?"

"உங்க கடைக்கு வர்றவங்களுக்கு ரெண்டு காதும் கேக்குது. நீங்க சொல்ற வெலைய யாராச்சும் கேக்கறாங்களா?"

ஆதிமூலம் மேசையைத் தட்டுவதை நிறுத்தினார். எதிராளியை வாயடைக்க வைத்த சந்தோஷத்தில் அவள் இளகுவாள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவள் இளகவில்லை. கீழே இருந்த பேக்கரியிலிருந்து, முட்டை போடாத கேக் வேகிற வாசனைதான் ஏறி வந்தது.

விஷயம் இதுதான். ஆதிமூலத்தின் ஒரே தங்கை ஆராயியைக் கீழ்பென்னாத்தூரில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை மணிவேல் மல்லாட்டை பயிர் வைக்கிறவர். கடலை, வேர்க்கடலை என்றெல்லாம் அவரிடம் சொன்னால் அது ஏதோ வேறு ஊர்ப் பயிர் என்று நினைத்துக்கொள்வார். அவர்களுக்கு ஒரே பெண், கவிநிலா. பிறக்கும்போது இடது காது முழுசாக, சங்குபோல இருந்தது. வலது காது இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மல்லாட்டைப் பருப்பு அளவுக்குச் சதை மட்டும் இருந்தது. வேறு குறை ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் வாய் இரண்டு பேருக்கு ஆகிற அளவுக்கு இருந்தது.

முதல் வருஷம் காது குத்தவேண்டிய நேரத்தில் ஆராயி தள்ளிப் போட்டாள். ஒன்றில் கம்மல் போட்டால் ஊரார் கண் மற்றதைத்தான் தேடும் என்றாள். கவிநிலாவுக்கு ஆறு வயதானபோது மறுபடி பேச்செடுத்தார்கள். தட்டு வாங்கி, வெற்றிலை வாங்கி, மாமன் மடியில் உட்கார் என்று கூப்பிட்டால் பெண் தூணைக் கட்டிக்கொண்டு ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டது: "குத்துனா ரெண்டையும் ஒண்ணாக் குத்துங்க. ஒண்ணு மட்டும்னா எனக்கு வாணாம்." அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இப்போது பதினொரு வயது. வார்த்தை அப்படியே நிற்கிறது.

ஆதிமூலத்துக்கு இரண்டும் பையன்கள். தாய்மாமன் என்று மடி கொடுத்து உட்கார இந்த ஜென்மத்தில் அவருக்குக் கிடைத்தது இந்த ஒரு பெண்தான். அவள் பிறந்த வாரமே வாங்கிய கம்மல் ஜோடி கடை அலமாரியில் டப்பாவோடு கிடக்கிறது. அது கிடந்த காலத்தில் தங்கம் நாலு மடங்கு ஏறிவிட்டது. அவர் வாழ்க்கையில் சும்மா வைத்திருந்தே லாபம் பார்த்த ஒரே சரக்கு அதுதான். ஆனால் அந்த லாபம் தொண்டையில் முள்ளாக நின்றது. பெண் பெரியவளாகிவிட்டால் மாமன் மடியில் உட்காரமாட்டாள். அது இந்த வருஷமாகவும் இருக்கலாம், அடுத்த மாதமாகவும் இருக்கலாம். அதற்குள் இரண்டு காதும் வேண்டும்.

இந்தக் கதையில் ஒரு வரியைக்கூட அவர் அருணாதேவியிடம் சொல்லவில்லை. அவசரத்தைக் காட்டினால் விலை ஏறும் என்பது பாத்திரக்கடைப் பாடத்தின் முதல் வரி. "சும்மா, பள்ளிக்கூடம் போற புள்ள, பாக்க லட்சணமா இருக்கட்டும்னுதான்" என்று மட்டும், கொசு ஓட்டுகிற மாதிரி சொல்லி வைத்தார்.

கடைசியில் விலை இறங்கவில்லை. பசையில் இரண்டு டியூப் கொசுறாகக் கிடைத்தது. கொசுறு இல்லாமல் ஆதிமூலம் எந்தக் கடைப்படியும் இறங்கியதில்லை. ஆகவே மானம் தப்பியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராயியும் கவிநிலாவும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்க, ஆதிமூலம் ஸ்கூட்டரில் முன்னால் போனார். முந்தின நாளே அருணாதேவி போனில் ஆராயிக்குச் சொல்லியிருந்தாள். "தலைக்கு எண்ணெ வைக்காதீங்கக்கா. கம்மல், செயின் எல்லாம் கழட்டிடுங்க. பளபளன்னு எது இருந்தாலும் அளவெடுக்கற மெஷின் கொழம்பிடும்." ஆராயி சரி சரி என்று கேட்டுக்கொண்டாள். கழற்றுவதற்குக் கம்மலே இல்லை என்பதைப் போனில் விளக்கிக்கொண்டிருக்க அவளுக்கு மனசில்லை.

மாடிப்படியில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். காவி வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம். உள்ளங்கையில் அவருடைய உருவமே பத்மாசனத்தில் உட்கார்ந்திருந்தது, கொழுக்கட்டை அளவில். ஆசிரமத்துக்கு வருகிறவர்களை நிற்க வைத்து, உட்கார வைத்து இப்படிக் குட்டி உருவம் செய்து கொடுப்பதும் அருணாதேவியின் தொழிலில் ஒரு பக்கம். மாடி வாடகை அதில்தான் ஓடியது. ஆதிமூலம் அந்த உருவத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மூக்கு இரண்டாக இருந்தது.

"கொசு கடிச்சுதாம், அசைஞ்சுட்டாரு" என்றாள் அருணாதேவி. "மூணு வருஷமா தியானம் பண்றாரு. மூணு நிமிஷம் ஆடாம இருக்க முடியல. திரும்ப எடுத்துக் குடுக்கணும்."

"ஏம்மா எடுக்கற? ஒரு மூக்கு வெலைக்கு ரெண்டு குடுத்திருக்க. அவரில்ல சந்தோஷப்படணும்?"

உள்ளே கவிநிலா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். வலப்பக்கம் முடியை இழுத்து மறைத்தே பழகிய பெண். அருணாதேவி வெள்ளைத் துணித் தொப்பியை எடுத்துக்கொண்டு, எப்படிக் கேட்பது என்று யோசித்த அந்தக் கொஞ்ச நேரத்தில், கவிநிலா தானே முடியை வாரித் தொப்பிக்குள் திணித்துக்கொண்டாள். "சீக்கிரம் எடுங்கக்கா, கழுத்து வேர்க்குது" என்றாள். ஆராயி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இடது காது மடலின் கீழே, கம்மல் போடுகிற இடத்தில், கரேலென்று ஒரு புள்ளி இருந்தது. அருணாதேவி பார்த்தாள். கம்மலைக் கழற்றினால் துளை தூர்ந்துவிடாமல் இருக்க விளக்குமாற்றுக் குச்சி செருகி வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அவளே சின்ன வயதில் வருஷக்கணக்காகச் செருகியிருந்தவள். சொன்னபடி கம்மலைக் கழற்றிவிட்டு வந்திருக்கிறார்கள், ஒழுங்கான ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஸ்கேனரைக் கையில் எடுத்தாள். ஒரு இஸ்திரிப் பெட்டி அளவுதான் இருந்தது, பிடியும் அதேபோல. துணி தேய்க்கிற தட்டு இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் கண்ணாடிக் கண்கள். அதிலிருந்து வெளிச்சம் படபடவென்று அடித்தது. கவிநிலாவின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவளைச் சுற்றி மெல்ல நடக்க ஆரம்பித்தாள்.

"ஐயையோ, நில்லும்மா!" ஆராயி கத்திவிட்டாள். "எடமா சுத்தாத! சாவு வீட்லதான் எடமா சுத்துவாங்க. வலமா வா."

"வயரு இந்தப் பக்கம் இருக்குதுக்கா."

"வயரத் தாண்டி வா. மலையச் சுத்தற ஊருல வந்து உக்காந்துகினு எம்பொண்ண எடமா சுத்தறியே."

அருணாதேவி வயரைத் தோளில் சுற்றிக்கொண்டு வலமாக வந்தாள். "இந்த ஊர்ல மெஷினுகூட கிரிவலம் போனாத்தான் படம் வரும் போலிருக்குது."

"மலை நானா? அப்ப நான் அசையக் கூடாது" என்றாள் கவிநிலா, உதடு மட்டும் அசைய. வெள்ளைக்காரரால் முடியாத காரியத்தை அவள் செய்தாள். இமைகூட எண்ணி எண்ணித்தான் தட்டினாள்.

மடிக்கணினியின் திரையில் ஒரு சாம்பல் நிறத் தலை, களிமண்ணில் பிடித்ததுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பி வந்தது. மோவாய், மூக்கு, இடது காது, பிடரி, பிறகு வலப்பக்கம். அருணாதேவி விரலால் திருப்பத் திருப்ப அது சுழன்றது. கவிநிலா ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து பார்த்தாள். தன் வலப்பக்கத்தை இவ்வளவு நிதானமாக அவள் பார்த்ததில்லை.

"இப்பப் பாரு" என்று அருணாதேவி ஒரு பொத்தானை அழுத்தினாள். இடது காது அப்படியே எழும்பி, கண்ணாடிக்குள் தெரிகிற மாதிரி இடம்வலம் மாறி, வலப்பக்கம் போய் உட்கார்ந்தது.

ஆராயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஆதிமூலம் கூரை மின்விசிறியை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். கடைசியில் கவிநிலாதான் வாயைத் திறந்தாள். "ரெண்டு காது வந்ததும் அப்பாவோட அக்கா, அந்த உர்ருமூஞ்சி அத்த மாதிரியே இருக்கறேன். ஒரு காதே போதுமோ?"

சிரிப்பில் அறை அதிர்ந்தது. அந்தச் சிரிப்பில், திரையில் இருந்த இடது காது மடலில் மிளகு அளவுக்கு ஒரு துளை விழுந்திருந்ததையும், அதே துளை வலப்பக்கத்துக்கும் தாண்டிப் போயிருந்ததையும், பார்த்த ஒருத்தி, அருணாதேவி, கம்மல் துளைதானே என்று விட்டுவிட்டாள். மற்றவர்கள் பார்க்கவே இல்லை. பிறகு அவள் கவிநிலாவின் கன்னத்தோடு சிலிக்கான் துண்டுகளை வைத்து நிறம் பார்த்துக் குறித்துக்கொண்டு அவர்களை அனுப்பி வைத்தாள்.

ஆதிமூலம் வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஜோசியரைப் பார்த்து நாள் குறித்துவிட்டார். அடி அண்ணாமலைக் கோயிலில் வளர்பிறை முகூர்த்தம். காது குத்த நகை ஆசாரி சக்கரவர்த்திக்கு அட்வான்ஸ், வேனுக்கு அட்வான்ஸ், சமையலுக்கு அட்வான்ஸ். அட்வான்ஸ் கொடுப்பதென்றால் அவருக்குப் பல் பிடுங்குகிற வலி. மூன்று பல்லையும் ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டார். கவிநிலாவிடம் கேட்டார்கள். "ரெண்டும் ஒண்ணாத்தானே?" என்றாள். "ரெண்டும் ஒண்ணா" என்று மாமன் வாக்குக் கொடுத்தார்.

முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது காது தயாரானது. மூன்று பேரும் மறுபடி அருணாதேவியின் மாடியறைக்குப் போனார்கள்.

நகைக்கடை டப்பா போல ஒரு டப்பா. அதற்குள் பஞ்சில் படுத்திருந்தது காது. மடிப்புக்கு மடிப்பு கவிநிலாவுடையதுதான். உள்ளே ஓடுகிற நரம்பின் செந்நிறம்வரை இருந்தது. ஆராயி தொடப் பயந்து கையை இழுத்துக்கொண்டாள். ஆதிமூலம் பயப்படவில்லை. சரக்கு கைக்கு வந்துவிட்டால் அவர் கை தானாக ஒரு காரியம் செய்யும். எந்தக் குடமானாலும் வெயிலுக்கு எதிரே தூக்கி ஓட்டை பார்ப்பார். காதையும் அப்படியே ஜன்னலுக்கு நேரே தூக்கினார்.

மடலின் கீழே ஊசிமுனை வெளிச்சம் ஒன்று அவர் கண்ணில் குத்தியது.

உடம்பெல்லாம் ஒரு தெம்பு ஏறியது அவருக்கு. இருபத்திரண்டாயிரம் சொன்ன அன்றிலிருந்து காத்திருந்த தெம்பு. "இன்னாம்மா இது, ஓட்டச் சரக்கு?"

"சார், அது கம்மல் ஓட்டை."

"ஓட்டை எப்பிடி வந்தாலும் ஓட்டைதான். எங்க கடையில ஓட்டப் பாத்திரம் பாதி வெலைக்குக்கூடப் போவாது."

"பாப்பாவோட அந்தக் காதுல இருக்கறது இதுலயும் வந்திருக்குது. நல்லா ரவுண்டா எடுத்து, வழவழன்னு பண்ணி வச்சிருக்கேன்."

"அந்தக் காதுல இருக்குதா? இல்லாத ஓட்டைய இருக்குதுன்னு சொல்றியே, யாருக்கும்மா காது குத்தற?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவர் காதிலேயே விழுந்தது. அருணாதேவி எழுந்து வந்து கவிநிலாவின் இடப்பக்க முடியை விலக்கினாள். மடல் முழுசாக, கொழுகொழுவென்று, துளையே அறியாமல் இருந்தது.

"அன்னிக்குக் கறுப்பா இருந்துச்சே! கம்மலக் கழட்டிட்டுக் குச்சி சொருவியிருக்கீங்கன்னு..."

"அது மை" என்றாள் ஆராயி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கம்ப்யூட்டர்ல போட்டுப் பாப்பாங்கன்னு சொன்னாங்க. யார் யாரு பாப்பாங்களோ. இருக்கறது ஒரு காது, அதுக்கும் கண்ணு பட்டுடக் கூடாதுன்னு... கொஞ்சூண்டு மைதான் வச்சேன்."

அருணாதேவி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பளபளப்பு ஆகாது என்று சொன்னவள், கறுப்பும் ஆகாது என்று சொல்ல மறந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "வெளிச்சத்த அனுப்பி, அது திரும்பி வர்றத வச்சுத்தான் மெஷின் அளவு எடுக்குது. கன்னங்கரேல்னு இருந்தா போன வெளிச்சம் திரும்பி வராது. வராத எடத்துல பள்ளம்னு எழுதிக்கும்."

"எங்கிட்ட கடன் வாங்கனவன் மாதிரி" என்றார் ஆதிமூலம். ஆனால் குரலில் சுரத்து இல்லை.

"எல்லாம் சரி சார். காதே குத்தலன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா நான் அப்பவே அடைச்சிருப்பேனே. ஏன் சொல்லல?"

ஆதிமூலம் டப்பாவைப் பார்த்தார். டப்பாவும் அவரைப் பார்த்தது. பதில் மருமகளிடமிருந்து வந்தது.

"மாமா எப்பிடிச் சொல்லுவாரு? சொன்னா வெலைய ஏத்திடுவீங்க இல்ல?"

அந்த இடத்தில் ஆராயியும் சிரித்திருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் கவிநிலா காதைத் தன் உள்ளங்கையில் வைத்து அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷம் முன்பு தூணைக் கட்டிக்கொண்டு நின்றபோது இருந்த அதே முகம்.

"அடைச்சுக் குடுக்க முடியுமா?" என்று ஆதிமூலம் கேட்டார்.

"அடைச்சா தழும்பு மாதிரித் தெரியும். புதுசாத்தான் ஊத்தணும். ரெண்டு வாரம் ஆவும். துட்டு வாணாம் சார், தப்பு எம்மேலயும் இருக்குது."

துட்டு வேண்டாம் என்கிற வார்த்தையை ஆதிமூலம் வாழ்நாளில் கேட்டது சொற்பம். அன்றைக்கு அது அவர் காதில் ஏறவே இல்லை. மருமகளின் பக்கத்தில் குந்தினார்.

"கண்ணு, ரெண்டையும் ஒண்ணாக் குத்தறேன்னு உங்கிட்டச் சொன்னேன். நீ சொல்லு. வாணாம்னா நாள மாத்திப்புடறேன்."

"அண்ணா, வேனு, ஆசாரி, சமையக்காரன், எல்லாத்துக்கும் அட்வான்ஸ்..." என்று ஆராயி இழுத்தாள்.

"போனாப் போவுது."

ஆராயி அண்ணனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் ஏதாவது இருக்கிறதா என்று.

கவிநிலா யாரையும் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கண்ணாடி முன்னால் போய் நின்று, காதை வலப்பக்கம் வைத்துப் பிடித்தாள். தலையை அந்தப் பக்கம் சாய்த்தாள், இந்தப் பக்கம் சாய்த்தாள். பிறகு திரும்பி ஒரு வழக்கறிஞரைப் போலக் கேட்டாள்.

"இந்தக் காது எப்பக் குத்துனது?"

"அன்னிக்கு, மெஷின் எடுத்தப்ப" என்றாள் அருணாதேவி.

"நான் ஸ்டூல்ல உக்காந்திருந்தப்ப?"

"ஆமா."

"வலிச்சுதா எனக்கு?"

"அத நீதான் சொல்லணும்."

"வலிக்கல. அப்ப ஒண்ணு ஆச்சு. மிச்சம் ஒண்ணு. எனக்கு ரெண்டு காதும் ஒரே மாதிரி இருக்கணும், அவ்ளோதான். அது குத்தியாச்சு, இதையும் குத்துங்க." ஆதிமூலத்துக்கு மூச்சு வந்தது. அவள் விரலை நீட்டினாள். "ஆனா மாமா, காது குத்தறப்ப மடியில வச்சுக்கறது யாரு?"

"தாய்மாமன்."

"இதுக்கு யாரு வச்சுக்கினாங்க?"

"ஸ்டூலு" என்றாள் ஆராயி.

"ஸ்டூலு சொந்தக்காரங்க யாரு? அக்காதான். மெஷினும் அவங்களுதுதான். அப்ப வலது காதுக்குத் தாய்மாமன் அவங்க. சீர் கொண்டாந்து அவங்கதான் கம்மல் மாட்டணும். இல்லாட்டி நான் வரமாட்டேன்."

ஆதிமூலம் சன்னமாகச் செருமினார். இத்தனை வருஷம் காத்திருந்த உரிமையில் சரிபாதியை ஒரு இஸ்திரிப் பெட்டி கொண்டுபோகப் பார்க்கிறது. பாகம் பிரிக்கிற பேச்சு வந்துவிட்டால் முதலில் எல்லைக் கல்லை நட்டுவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். "சரி. ஆனா மொதத் தட்டு என்னுது. வரிசையில நான்தான் முன்னாடி நடப்பேன். சம்மதமா, பங்காளி?"

அருணாதேவி கன்னத்தில் கை வைத்து யோசிப்பதுபோல நடித்தாள். "ரெண்டாவது தட்டுன்னா ஒரு தேங்காய் கம்மியா வைப்பேன்."

"அதெல்லாம் முடியாது. சீருல பேரம் கெடையாது."

பேரம் கிடையாது என்று தானே சொன்னதைக் கேட்டு அவருக்கே கொஞ்சம் திகைப்பாக இருந்தது. அப்படியே பைக்குள் கையை விட்டு முழுப் பணத்தையும் எடுத்து மேசையில் வைத்தார். ஓட்டையைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

அடி அண்ணாமலையில் அன்றைக்குக் கூட்டம் இல்லை. பௌர்ணமிக்கு நாள் இருந்தது. மலை தன்பாட்டுக்கு நின்றது. ஆதிமூலம் பட்டு வேட்டியில் முதல் தட்டோடு முன்னால் நடந்தார். இரண்டாவது தட்டோடு அருணாதேவி. வாழைப்பழம், கண்ணாடி வளையல், இரண்டு தேங்காய், ஓரத்தில் ஒரு டியூப் பசை. தோளில் ஸ்கேனர் பை. காதைக் குத்திய மெஷினும் மாமன்தான், அது வராமல் சீர் மட்டும் வரலாமா என்று கவிநிலா போனில் கட்டளை போட்டிருந்தாள்.

கீழ்பென்னாத்தூர் ஜனம் சுற்றி நின்று பையை எட்டிப் பார்த்தது. மணிவேல் அன்றைக்குத்தான் காட்டை விட்டு வந்திருந்தார். மச்சானை மடக்கிவிட்டாள் மகள் என்கிற பெருமையில் மல்லாட்டை மூட்டை விலை போனதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆராயி சந்தனக் கிண்ணத்தோடு வந்து முதலில் அண்ணனுக்குப் பொட்டு வைத்தாள். பிறகு ஸ்கேனரிடம் குனிந்தாள்.

"அக்கா, கண்ணாடியில வாணாம்! அப்பறம் வர்றவங்களுக்கெல்லாம் ஓட்டை விழும்" என்று அருணாதேவி அலறினாள். பிடியில் வைத்தார்கள்.

ஆசாரி சக்கரவர்த்தி ஊசியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். ஆதிமூலம் அவர் பக்கம் சாய்ந்து, பழக்க தோஷத்தில், "ஒரு காதுதான் குத்தறீங்க, அதுக்குத் தக்கன கூலியில..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு கண்ண மூடிக்கினு குத்தட்டுமா? அப்ப பாதிக் கூலி போதும்" என்றார் சக்கரவர்த்தி.

"குத்துங்க சாமி, ரெண்டு கண்ணாலயும் குத்துங்க."

கவிநிலா மாமன் மடியில் உட்கார்ந்தாள். கனத்தாள். ஒரு வயதில் உட்காரவேண்டிய மடி. முழங்கால் இரண்டும் வலி எடுத்தது ஆதிமூலத்துக்கு. அந்த வலிக்கு விலை கேட்டிருந்தால் வாய் பேசாமல் கொடுத்திருப்பார். அருணாதேவி வந்ததுமே வலது காதை ஒட்டிவிட்டிருந்தாள். முடியை முழுசாகத் தூக்கிக் கட்டி, இரண்டு பக்கத்தையும் ஊருக்குக் காட்டியபடி அவள் நிமிர்ந்திருந்தாள். ஊசி இறங்கியதும் கோயில் புறாக்கள் எழுந்து பறக்கிற அளவுக்கு ஒரு "யம்மா!" வந்தது. கண்ணீர் மாமனின் பட்டு வேட்டியில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. டப்பாவிலிருந்து கம்மல் எடுத்து அவர் மாட்டினார். அதன் ஜோடியை அருணாதேவி வலது காதின் துளையில் செருகித் திருகினாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பதினொரு வருஷம் பழைய கம்மல் இரண்டும் சின்னதுதான். எனினும் வெயில் பட்டதும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மின்னியது.

ஆராயி ஓடி வந்து மகளின் கன்னத்தில் மை வைக்க விரலை நீட்டினாள். பிறகு அருணாதேவியைப் பார்த்துத் தயங்கினாள்.

"வையுங்கக்கா. இன்னிக்கு மெஷின் பைக்குள்ளதான் இருக்குது."

சாப்பாட்டுப் பந்தியில் கவிநிலா இரண்டு மாமன்களுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். வளர வளர இந்தக் காதையும் மாற்றவேண்டும், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒன்று என்று அருணாதேவி சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்ததுக்கு என்ன கொசுறு என்று ஆதிமூலம் கேட்டுக்கொண்டிருந்தார். பாயசம் வந்தபோது பெண் விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தாள். மாமன் கடையில் லீவுக்கு வந்து உட்கார்ந்து பழகிய கணக்கு.

"காது ரெண்டு. ஓட்டை ரெண்டு. கம்மல் ரெண்டு. மாமா ரெண்டு. அழுகை மட்டும் ஒண்ணு. ஒண்ணு கம்மியா இருக்குதே மாமா?"

ஆதிமூலம் தோள் துண்டால் கண்ணை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

"அது நீ கண்ண மூடிக்கினு கத்தனப்பவே என் பேர்ல வரவு வச்சாச்சு. கணக்கு நேர். பாயசத்தச் சாப்புடு."